அருளின் வழியே நம்மையும் பிறரையும் பார்த்தல்: கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எல்லாம் பாம்பன் தீவிலும் மண்டபம் பக்கத்திலும் என்னிடம் நேரில் கேட்கப்பட்டவை. சில, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை. சில, அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவை. ஒன்றிரண்டு, படகுக்காகக் கரையில் காத்திருக்கும்போது வேறு பேச்சுக்கு நடுவே வந்து விழுந்தவை. நான் குருவானவர் அல்லன். நாட்டுப்படகுக் குடும்பத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாக மறைக்கல்வி எடுத்துவரும் பொதுநிலையினன். திருச்சபையின் போதனைக்குள் நின்று, எனக்கு விளங்கிய அளவில் பதில் சொல்கிறேன்.

அருள், கிருபை, பிரசாதம் என்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் ‘காரிஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. தகுதி பார்க்காமலும், திருப்பித் தரவேண்டும் என்ற கணக்கு இல்லாமலும் ஒருவர் இன்னொருவர்மேல் வைக்கும் கனிவு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்கள் அதைக் கிருபை என்கிறார்கள். நம் பாட்டிமார் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள். செபமாலையில் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று அவர்கள் சொன்னதைத்தான் நாம் இன்று ‘அருள் நிறைந்த மரியே’ என்கிறோம்.

அந்தச் செபத்தின் முதல் அடியைச் சற்று நின்று கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்வேன். வானதூதர் மரியாவின் வீட்டுக்குள் வந்ததும், பெயரைக்கூடச் சொல்லாமல், ‘அருள் மிகப் பெற்றவரே’ என்றுதான் அழைக்கிறார். அதுவரை மரியா எதற்கும் ஆம் என்று சொல்லவில்லை, எதையும் செய்து காட்டவும் இல்லை. அழைப்பு முதலில் வந்தது. மறுமொழி பிறகு வந்தது. அருளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த வரிசையில்தான் நிற்கிறது.

நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இன்னொரு பேறும் உண்டு. யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்று பொருள். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, 1693-இல் ஓரியூரில் வெட்டப்பட்டு இறந்த மறைபோதகர் யோவான் தெ பிரித்தோவைத் தமிழர் அருளானந்தர் என்று அழைத்தபோது, அந்தப் பெயரின் உட்பொருள் அப்படியே தமிழுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

தன்னை அருளின் வழியே பார்ப்பது என்றால், ‘நான் பாவி, நான் எதற்கும் உதவாதவன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதா?

லூக்கா நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காலைப்பொழுது வருகிறது. சீமோன் பேதுருவும் கூட்டாளிகளும் இரவெல்லாம் வலைவீசியும் மீன்பாடு இல்லை. கரையில் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பிய படகிலிருந்து இறங்குபவரின் முகம் எப்படி இருக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் கடன், ஐஸ் கடன், வீட்டில் கேட்கப்போகும் கேள்வி எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் இயேசு அவர் படகில் ஏறி உட்கார்ந்து போதிக்கிறார். பிறகு, ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வலையைப் போடச் சொல்கிறார். வலை கிழியும் அளவுக்கு மீன் விழுகிறது. பேதுரு மகிழ்ந்து குதிக்கவில்லை. இயேசுவின் காலில் விழுந்து, ‘நான் பாவி, என்னை விட்டுப் போய்விடும்’ என்கிறார்.

தன் பாவம் பேதுருவுக்கு எப்போது தெரிந்தது என்று கவனிக்க வேண்டும். விடியற்காலையில் யாராவது அவரைத் திட்டியிருந்தால், நீரோட்டம் சரியில்லை, நிலா வெளிச்சம் அதிகம் என்று நூறு காரணம் சொல்லியிருப்பார். யாரும் குற்றம் சொல்லாதபோது, தான் சம்பாதிக்காத மீனின் நடுவே முழங்கால் அளவு நின்றபோதுதான் தன்னை அவரால் பார்க்க முடிந்தது. இயேசுவும், ‘நீ பாவி இல்லை’ என்று அவரைத் தேற்றவில்லை. அவர் கேட்டபடி விலகிப் போகவும் இல்லை. அஞ்சாதே என்று சொல்லி, கூடவே வரச் சொன்னார். தன் பாவம் பொய் என்றாகாமலும் தான் தள்ளப்பட்டவன் என்றாகாமலும் ஒருவர் நிற்கக்கூடிய இடம் அதுதான். அங்கே நின்று தன்னைப் பார்ப்பதைத்தான் அருளின் வழியே பார்ப்பது என்கிறேன்.

நம் கரையில் ஒரு மனிதருக்கு இருக்கும் மதிப்பு, அவர் கடைசியாகக் கொண்டுவந்த மீன்பாட்டைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. நல்ல பாடு வந்த வாரம் அண்ணே என்று கூப்பிடுபவர், கடன் ஏறிய மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதைவிட வருத்தம், அந்த மதிப்பை நாமே நம்பிவிடுவது. ஏலக்காரர் சொல்லும் விலையையே தன் விலை என்று எடுத்துக்கொண்டு, குடியில் விழுந்து எழாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாழ்ச்சியும் தாழ்வு மனப்பான்மையும் ஒன்றுதானே?

இல்லை. தாழ்வு மனப்பான்மை உள்ளவர் நாள் முழுவதும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்; அடுத்தவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதே அவர் கவலை. தாழ்ச்சியுள்ளவருக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. தான் பெற்றுக்கொண்டவன் என்பது அவருக்கு ஒருமுறை விளங்கிவிட்டதால், அவர் கண் வெளியே திரும்புகிறது.

பெரிய துரோகம் ஒன்றைச் செய்துவிட்டேன். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறவில்லை. மறுபடியும் பழைய மனிதனாக ஆக முடியுமா?

பேதுருவிடமே திரும்புவோம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தவர்களோடு அவரும் நின்றார். அந்த நெருப்பின் அருகே நின்றபோதுதான் ‘அவரை எனக்குத் தெரியாது’ என்ற பேச்சு தொடங்கியது; மூன்று முறை மறுத்தார். உயிர்ப்புக்குப் பிறகு, திபேரியாக் கடலோரத்தில், மீண்டும் ஒரு பாடில்லாத இரவு முடிந்து அவர் கரைக்கு வந்தபோது, அங்கே கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் இருந்தன. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது: யோவான் 18-ஆம் அதிகாரத்திலும் 21-ஆம் அதிகாரத்திலும்.

கரிப்புகையின் வாடை மூக்கில் ஏறியதும் பேதுருவின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இயேசு அந்த வாடையை மறைக்கவில்லை. விழுந்த இடத்தைப் போன்ற ஓர் இடத்துக்கே அவரைக் கூட்டிவந்து, முதலில் சாப்பிட வைத்து, அதன்பிறகே, மறுத்த மூன்று முறைக்கும் ஈடாக மூன்று முறை, ‘என்மேல் அன்பு இருக்கிறதா?’ என்று கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலையை ஒப்படைக்கிறார். ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்ற கேள்வி மட்டும் அங்கே இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பழைய மனிதனாக ஆக வேண்டியதில்லை. பேதுருவும் மறுப்புக்கு முந்தைய பேதுருவாகத் திரும்பவில்லை; தான் மறுத்தவன் என்பதை நன்கு அறிந்தவராகவே மந்தையை மேய்க்கப் போனார். மனம் ஆறாதது மன்னிப்பு கிடைக்காததன் அடையாளம் அன்று. துரோகம் செய்யப்பட்டவர் உயிரோடு இருந்தால், அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் கோவிலுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தால் மனம் ஆறாது, ஆறவும் கூடாது.

கூடப் படகில் வருகிறவர், சொந்தக்காரர், அடுத்த வீட்டார் என்று யாரைப் பார்த்தாலும் குறைதான் முதலில் தெரிகிறது. அவர்களை அருளின் வழியே பார்ப்பது எப்படி?

விசைப்படகு கரையணைந்ததும் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். இறால், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனிக் கூடைக்குப் போகும். மீந்து கிடக்கும் பொடி மீனும் சிதைந்த மீனும் சங்காயம் என்று ஒதுக்கப்பட்டு, கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் எடைபோட்டுப் போகும். என் அம்மா அந்தக் குவியலின் முன் குந்தி உட்கார்ந்து பிரிப்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர் கண் குவியலில் இருக்காது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே மீனைத் தொட்டு, எடைபார்த்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ எறியும். கண் பார்ப்பதற்குள் விரல் தீர்ப்புச் சொல்லிவிடும்.

மனிதரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. ஒருவர் எதிரே வந்ததும், இவன் குடிகாரன், இவள் வாயாடி, இவர் கடன் வாங்கித் திருப்பித் தராதவர் என்று, முகத்தை முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே எறிந்து முடித்திருப்பேன்.

மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன வலை உவமை நம்மைப் போன்றவர்களுக்கே சொன்னது போல இருக்கும். கடலில் போடப்பட்ட வலை எல்லா வகை மீனையும் வாரிக்கொண்டு வருகிறது. கரையில் உட்கார்ந்து நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை வெளியே எறிகிறார்கள். உலக முடிவில் அப்படி நடக்கும், அதைச் செய்பவர் வானதூதர் என்கிறார். பிரிக்கும் வேலை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கைகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்கான நேரமும் இன்னும் வரவில்லை.

நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை எது? அதே நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில், யாக்கோபும் யோவானும் அப்பாவோடு படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போது அழைக்கப்படுகிறார்கள். பழுதுபார்ப்பதற்கு அங்கே வரும் கிரேக்க வினைச்சொல்லையே, கலாத்தியர் திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தில் பவுலும் எடுத்தாள்கிறார்: ஒருவர் ஏதேனும் குற்றத்தில் அகப்பட்டால், கனிவோடு அவரைச் சீர்ப்படுத்துங்கள் என்று சொல்லும் இடத்தில். கிழிந்த வலைக்குச் செய்வதைத் தவறிய மனிதருக்கும் செய்யச் சொல்கிறார் பவுல்.

வலை பின்னத் தெரிந்தவர் கிழிசலை எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? வலையை மடியில் விரித்து, கிழிசலைச் சுற்றிலும் விரலால் தடவி, எந்த முடிச்சு இன்னும் உறுதியாக இருக்கிறது என்று தேடுகிறார். நைந்துபோன நூலைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த உறுதியான முடிச்சில் ஊசியைக் கோத்துத் தொடங்குகிறார். கிழிசல் எவ்வளவு பெரிது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் தேடுவது நல்ல முடிச்சை. ஊரே ஒதுக்கிய குடிகாரர் ஒருவர், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குழிவெட்ட முதல் ஆளாக வந்து நிற்பதை நான் பல ஆண்டுகள் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். அவரிடம் உறுதியாக இருந்த முடிச்சு அது. அதிலிருந்து தொடங்கலாம் என்று கண்டுகொண்டவர் எங்கள் பங்குத்தந்தை, நான் அல்லன்.

அப்படியானால் தவறைத் தவறு என்று சொல்லக் கூடாதா? குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவரையும் ‘அருளோடு’ பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்டவரின் இடது கையில் கட்டு இருந்தது. ஆகவே சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அடிவாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருக்கும்படி அருள் யாரையும் கேட்பதில்லை. அருள் பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியை எழுப்பி, ஒருபோதும் கூடாது என்று உரோமையர் திருமுகத்தில் பவுலே பதில் சொல்லிவிட்டார். அடிக்கும் கையைத் தடுப்பது, அந்தக் கைக்கு உரியவரின் ஆன்மாவுக்கும் நன்மை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதும், மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் மன்னிப்புக்கு எதிரான செயல்கள் அல்ல. மன்னிப்பது என்பது அவருக்குக் கேடு நினைக்காமல் இருப்பது, அவர் திருந்த வேண்டும் என்று விரும்புவது. மறுபடியும் அடிக்க இடம் கொடுப்பது அன்று. பின்னுவதற்கு முன் நைந்த நூலை வெட்டியாக வேண்டும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம் கோவில்களில் பெண்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஆண்களிடம் மனமாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

கடனைத் தள்ளுபடி செய்த அரசரின் உவமையில் வரும் தொகை எவ்வளவு? நம் கணக்கில் சொல்ல முடியுமா?

முடியும்; சொன்னால்தான் அந்த உவமையின் கூர்மை தெரியும். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், அரசருக்குப் பணியாளர் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. பெருக்கினால் 6 கோடி நாள் கூலி வரும். எத்தனை தலைமுறை கடலுக்குப் போனாலும் அடைக்க முடியாத முன்பணம் அது. அதை அரசர் இரங்கித் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவர், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் பணியாளரின் கழுத்தை நெரிக்கிறார்.

நூறு நாள் கூலி சிறிய தொகை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு அது. நமக்கு மற்றவர் செய்த தீங்கு அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை. வலிக்கும் அளவுக்கு உண்மையான கடனாகத்தான் அதை வைத்திருக்கிறார். ஆறு லட்சம் மடங்கு பெரிய கடன் ஒன்றிலிருந்து விடுபட்டவர், அதை வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோனதுதான் கதையின் துயரம். முன்பணம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் படகு உரிமையாளர்கள் இந்த அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அருளானந்தரின் கதையில் வரும் கடலாயியையும் அருளின் கண்ணால் பார்க்க வேண்டுமா?

மறைக்கல்வி வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். எனக்கு அன்று பதில் இல்லை. அதன்பிறகு நிறைய யோசித்தேன்.

கதை எல்லாருக்கும் தெரிந்தது. மறவர் சீமையின் இளவரசர்களில் ஒருவரான தடியத்தேவர் நோயிலிருந்து குணமடைந்து, அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார். அதற்கு நிபந்தனையாக, மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி, அரசர் கிழவன் சேதுபதியின் உறவுமுறை மகள். அவர் அரசரிடம் முறையிட, அருளானந்தர் கைதாகி, ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்டார். நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் கடலாயி கொடுமைக்காரியாகவே வருகிறார்.

ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஊரறிய மணமாகி வந்தவர், தான் கேட்டிராத ஒரு மறையின் பெயரால் ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தார். அவருடைய கோபம் ஒரு புனிதரின் உயிரைக் குடித்தது உண்மை. அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஒருவனுக்கு ஒருத்தி என்ற போதனையில் எனக்கு ஐயம் இல்லை. இருந்தும், விலக்கப்பட்டவர்கள் இனி எங்கே போவார்கள் என்ற கேள்வியை நாம் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்காமலே கதை சொல்லியிருக்கிறோம். தன்னைக் கொல்ல வந்தவரையும் அருளானந்தர் கட்டித் தழுவினார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், கடலாயிக்கு இரங்க மறுத்தால் அந்தத் தழுவலை விளங்கிக்கொள்ளவில்லை என்றே பொருள். ஓரியூரின் சிவந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது, கடலாயிக்காகவும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும்படி அந்தச் சிறுமியிடம் பிறகு சொன்னேன். அவள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

எதிர்க்கரையில் இருப்பவர்கள் நம் ஆட்களைப் பிடித்துச் சிறையில் வைக்கிறார்கள். அவர்களையும் சகோதரர் என்று சொல்லச் சொல்கிறீர்களா?

கச்சத்தீவு யாருக்கு உரியது என்ற வழக்கையும், 1974 ஒப்பந்தத்தின் சரி தவறுகளையும் இங்கே எடுக்கவில்லை. பிடிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். படகும் போய், ஆளும் போன வீட்டில் அடுப்பு எரியாததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் பிடிப்பது இலங்கைக் கடற்படை. எதிர்க்கரையில் வலைபோடுபவர் வேறு ஆள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் மீனவர்கள் தமிழர்கள், அவர்களில் பலர் நம்மைப் போலவே செபமாலை சொல்பவர்கள். 2009 வரை நீண்ட போரில், கடலுக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்தவர்கள். போர் முடிந்து, கடன்பட்டு வலை வாங்கிக் கடலில் விட்டபோது, நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி அந்த வலைகளை வாரிக்கொண்டு வந்தது. இலங்கை அரசு 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்ததற்கு அவர்களின் அழுகையும் காரணம். நம் வீட்டில் அடுப்பு எரியாததற்கு நாம் அழுகிறோம். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாததில் நமக்கும் பங்கு இருக்கிறது. இதைக் கரையில் சத்தமாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வந்திருக்கிறார்கள். ஆனாலும் இது உண்மை.

தவக்காலத்தை ஒட்டி நடக்கும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒருமுறை போயிருந்தேன். மாலையில் சிலுவைப்பாதை நடந்தது. ஒரு தலத்தில் முழந்தாளிட்டபோது, எனக்குப் பக்கத்தில் மணலில் ஊன்றியிருந்த ஒரு கையைப் பார்த்தேன். நைலான் கயிறு அறுத்த தழும்பு விரல்களின் உட்புறம் வரிசையாக இருந்தது. என் கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு உண்டு. எழுந்ததும் எந்த ஊர் என்று கேட்டேன். யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவு என்றார். என் ஊரைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘உங்கட ஆக்களால எனக்கு ரெண்டு தரம் வலை போச்சு’ என்றார். பிறகு தன் பையிலிருந்து தண்ணீரை எடுத்து எனக்குக் கொடுத்தார். என்னால் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தேன். பெறத் தகுதியில்லாத இடத்தில் பெற்றுக்கொள்வது என்ன என்று அன்று என் தொண்டைக்குத் தெரிந்தது.

அருள் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. தூய ஆவியார், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழியில், எல்லா மனிதருக்கும் மீட்பில் பங்குபெறும் வாய்ப்பைத் தருகிறார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்திருக்கிறது. இராமேசுவரம் கோவில் மணியும் ஏர்வாடி தர்காவும் இருக்கும் கரையில் பிறந்த நமக்கு, அயலாரிடம் அருளின் விளைவைக் காண்பது புதிய செய்தி ஆகாது.

என் மகன் கடலில் போய்த் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் அருள் இல்லாமல் போனது ஏன்?

அம்மா, உங்களுக்கு அருள் இல்லாமல் போகவில்லை. இதை உங்களிடம் நேரில் சொன்னபோது என் குரல் சரியாக வரவில்லை. ஆகவே எழுதியும் வைக்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவில் புயல் அடித்து, கடல் ஏறி, தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலை அலை மூழ்கடித்ததில், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள் இருந்தது. அங்கிருந்த தேவாலயத்தின் சுவர்கள், பவளக்கல் தெரிய இன்றும் கூரையில்லாமல் நிற்கின்றன. தப்பித்தவர்கள் அருள் பெற்றவர்கள், இறந்தவர்கள் பெறாதவர்கள் என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று யாராலும் சொல்ல முடியாது. இயேசுவின் காலத்தில் சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

உங்கள் மகன் ஏன் திரும்பவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்லி வருபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். தூக்கம் வராத இரவில் கடவுளைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். திருப்பாடல்களில் அப்படிப்பட்ட குரல்கள் நிறைய இருக்கின்றன, அவற்றையும் திருச்சபை செபம் என்றுதான் வைத்திருக்கிறது.

எவ்வளவு முயன்றும் ஒருவரை மன்னிக்க முடியவில்லை. எனக்குள் அருள் வேலை செய்யவில்லையா?

என் கதையைச் சொல்கிறேன். என் பெரியப்பா மகன் விசைப்படகு வைத்திருக்கிறார். நான் அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவர். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று நம் கரையில் முறை இருக்கிறது. அந்த முறையை மீறி, ஓர் இரவு அவர் படகு எங்கள் நண்டு வலைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. அம்மாவின் சங்கிலியை அடகுவைத்து வாங்கிய வலை அது. கேட்கப் போன என்னை, நான்கு பேர் முன்னால் கேவலமாகப் பேசினார். நான்கு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. திருப்பலியில் சமாதானம் சொல்லும் நேரத்தில், அவர் இருக்கும் பக்கம் பாராமல் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே அப்படி இருந்தேன்.

ஒப்புரவு அருள்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், இதைச் சொன்னபோது, மனத்தில் அன்பு வரவேண்டும் என்று காத்திருக்காமல், அவர் படகு புறப்படும் ஒவ்வொரு நாளும், அது நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி செபம் சொல்லும்படி குருவானவர் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மாதக்கணக்கில் அது வெறும் உதட்டுச் செபம்தான். கூடவே அவருக்கு எஞ்சின் பழுதாக வேண்டும் என்று நினைத்த நாள்களும் உண்டு.

ஓர் ஆண்டின் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில். சாயங்காலம் நடந்து போகையில், அவர் தன் படகின் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்த்தேன். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் வலை நூலைக் கட்டியிருந்தார். ஊசியில் நூலைச் சுற்றும்போது கை நடுங்கியது. நூல் நழுவி நழுவி விழுந்தது. அவருக்கு வயதாகிவிட்டது. நான்கு ஆண்டுகளாக நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை என்பதால், அது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஊசியை என்னிடம் நீட்டினார். இருட்டும்வரை சுற்றிக் கொடுத்தேன்.

எங்கள் நண்டு வலையைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கிழிந்த வலையை எங்கேனும் பார்த்தால், சில நாள் எனக்குப் பழைய கோபம் வயிற்றிலிருந்து ஏறுகிறது. திங்கள், புதன், சனிக்கிழமைகளில் அவர் படகின் எஞ்சின் சத்தம் கேட்கும்போது, அதே ஒரு வரியைச் சொல்கிறேன்.